வளர்ப்பு எலிக்கு என்ன தீவனம் போடலாம், என்ன போடக்கூடாது? நெல்லைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மச்சில் ஒரு கூண்டு இருக்கிறது. அதில் இரண்டு எலிகள்: கருப்பட்டி, சுக்கு. இதற்கு முன்னால் பூந்தி என்று ஒருத்தி இருந்தாள். ஆறு வருஷமாக எலி வளர்க்கிறேன் என்றால் முதலில் சிரிப்பார்கள், பிறகு “கடிக்காதா?” என்பார்கள், மூன்றாவதாக “அதுக்கு என்ன போடுவிய?” என்று வந்து நிற்பார்கள். முதல் இரண்டுக்கும் ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். மூன்றாவதுக்குத்தான் இந்தப் பக்கம்.

இது எந்த எலி? வயலில் ஓடுகிற வெள்ளெலியா?

இல்லை. இந்தக் குழப்பம் நம்ம ஊரில்தான் அதிகம். வயலிலும் கரட்டிலும் வளை தோண்டி, வால் நுனியில் குஞ்சம் வைத்துக்கொண்டு தாவுவது வெள்ளெலி. அது வேறு இனம், வளர்ப்பதற்கு இல்லை. சாக்கடையில் உருளுவது பெருச்சாளி. ஓட்டு மேலே ஓடுவது வீட்டெலி. நான் சொல்வது ஆய்வுக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாகக் கைக்குப் பழக்கிய எலியின் வம்சம். வெள்ளை, கறுப்பு, தலை மட்டும் கறுப்பு என்று பல நிறத்தில் வரும். வளர்ந்த பெண் 250 முதல் 350 கிராம் இருக்கும், ஆண் அரைக் கிலோவைத் தொடும். ஆயுசு இரண்டு, மிஞ்சினால் மூன்று வருஷம். இங்கே சொல்வதெல்லாம் இந்த எலிக்குத்தான். வீட்டெலியைப் பிடித்து அடைத்து இதைப் போட்டு வளர்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் விளையாட்டில்லை.

எலிதான் எதையும் தின்னுமே, அதுக்கு என்ன பத்தியம்?

எதையும் தின்னும் என்பதுதான் தொல்லையே. மாட்டுக்குப் புல், பூனைக்கு மீன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். எலி நம்மைப் போல: தானியம், காய், பழம், மாமிசம், பலகாரம் எல்லாம் ஏறும். நம்மைப் போலவே இனிப்பும் எண்ணெயும் கண்டால் மற்றதைத் தள்ளி வைத்துவிடும்.

இன்னொன்று, எலியால் வாந்தி எடுக்க முடியாது. அதன் உடம்பின் அமைப்பு அப்படி. நாய் ஆகாததைத் தின்றால் கக்கிவிடும், எலிக்கு உள்ளே போனது போனதுதான். அதனால்தான் புதுப் பண்டம் எது வைத்தாலும் முதல் நாள் மோந்து பார்த்து, ஒரு கடி கடித்து, மறுநாள் வரை பொறுத்திருக்கும். அதுதான் அதற்கு இருக்கிற ஒரே காவல். நீங்கள் புதுசாகக் கீரை வைத்து அது தொடவில்லையென்றால் “பிடிக்கல போல” என்று விட்டுவிடாதீர்கள். நாலு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள்.

நாங்க சாப்பிடுற சோத்தையே போட்டா ஆகாதா?

உயிரோடு இருக்கும், நன்றாக இருக்காது. இதற்கு நம்ம மாகாணத்திலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. 1920-களில் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடுகிற சாப்பாட்டை ஒவ்வொரு கூட்டத்துக்கும் போட்டுப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்ற சீக்கியர் சாப்பாட்டைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று முதலிடத்தில் இருந்தன. கடைசியில் வந்தது சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாடு தின்ற கூட்டம். எடையிலும் குறைவு, தெம்பிலும் குறைவு. அந்த ஆய்வுக்கூடம்தான் பிறகு ஐதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது.

அரிசியைக் குறை சொல்லவில்லை. தீட்டிய வெள்ளைச் சோறு வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமினும் வேறிடத்திலிருந்து வர வேண்டும். நமக்குக் குழம்பிலும் கூட்டிலும் வருகிறது. எலிக்கு அந்தக் குழம்பைப் போட முடியாது, அதில் இருக்கிற உப்பும் எண்ணெயும் காரமும் அந்த 300 கிராம் உடம்புக்கு ரொம்ப அதிகம். வெறும் சோறு ஒரு உருண்டை எப்போதாவது வைத்தால் தப்பில்லை.

கடையில் பாக்கெட்டில் விற்கிறார்களே, எதை வாங்கலாம்?

எலிக்கென்றே செய்த பெல்லட் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. ஆய்வுக்கூட எலிகளுக்குப் போடுகிற கட்டித் தீவனம் அது. ஒவ்வொரு கட்டியிலும் எல்லாச் சத்தும் கலந்திருப்பதால் பொறுக்கித் தின்ன வழியில்லை. பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வளர்ந்த எலிக்குப் புரதம் 14 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும், கொழுப்பு 4 முதல் 6. நெல்லையில் எல்லாக் கடையிலும் இது இருக்காது. பெரும்பாலும் ஆன்லைனில்தான் வரவழைக்க வேண்டியிருக்கும்.

கடைக்காரர் எடுத்து நீட்டுவது அநேகமாக ஹாம்ஸ்டர் (வால் குட்டையான வேறொரு சின்ன வளர்ப்புப் பிராணி) கலவை: சூரியகாந்தி விதை, கலர் போட்ட உருண்டை, காய்ந்த மக்காச்சோளம். எலி அதில் சூரியகாந்தி விதையை மட்டும் எடுத்துத் தின்றுவிட்டு மற்றதைக் கிளறிக் கிண்ணத்துக்கு வெளியே தள்ளும். நான் முதன்முதலில் வாங்கிய பாக்கெட்டைப் பிரித்தபோது உள்ளே வலை பின்னி அந்துப்பூச்சி பறந்தது. கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினால், “எலிதானே சார், அதையும் சேத்துத் தின்னுரும்” என்றார். புழுவைத் தின்றால் மோசமில்லை, உண்மைதான். புழு வந்த தானியத்தில் பூஞ்சையும் வந்திருக்கும் என்பதுதான் என் கவலை.

முயல் தீவனம் வேண்டாம். அது புல்லை நம்பி வாழ்கிற வயிற்றுக்குச் செய்தது. கோழித்தீவனம் வேண்டவே வேண்டாம். விலை குறைவு, மூட்டையாகக் கிடைக்கும், ஆசையாகத்தான் இருக்கும். குஞ்சுத் தீவனத்தில் பல சமயம் கழிச்சல் நோய்க்கு மருந்து கலந்திருப்பார்கள்.

வீட்டிலேயே கலந்து வைக்கலாமா?

கலக்கலாம், நானும் கலக்கிறேன். ஆனால் அதை மட்டும் நம்புவதில்லை. பாதி பெல்லட், பாதி வீட்டுக் கலவை என்பது என் கணக்கு. காரணம் பின்னால் சொல்கிறேன்.

நம்ம பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் கிடைக்கிற சாமான் போதும். குதிரைவாலி, சாமை, தினை, கம்பு, சிவப்பரிசி அவல், ஓட்ஸ், பார்லி. இவற்றில் நாலைந்தை எடுத்து மொத்தத்தில் முக்கால் பங்கு வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கேழ்வரகையும் கொஞ்சம் சேருங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, வேறு எந்தத் தானியமும் அதன் பக்கத்தில் நிற்காது. முழுத் தானியமாகப் போட்டால் சுக்கு அதைச் சீந்துவதே இல்லை. களியாகக் கிண்டி, ஆறவைத்து, சுண்டைக்காய் அளவு உருட்டிக் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கித் தின்கிறான்.

மீதிக் கால் பங்கில் பொரிகடலை, கொஞ்சம் பூசணி விதை, ஆளி விதை, எள். அதோடு ஒரு பிடி சென்னாக்கூனி, அதாவது காயவைத்த பொடி இறால். உப்புப் போடாமல் காயவைத்ததா என்று கேட்டு வாங்குங்கள். ஓட்டோடு இருப்பதால் புரதமும் கால்சியமும் சேர்ந்து வரும். சந்தையில் நான் அரைப்படி கூனி வாங்கும்போது மீன்கார ஆச்சி, “கூட்டு வைக்கவாய்யா?” என்று கேட்டாள். எலிக்கு என்று சொல்லத் தைரியம் வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

இப்போது காரணம். வெறும் தானியக் கலவையில் செம்புச் சத்து, வைட்டமின் டி, பி12 மூன்றும் குறையும். செம்பு குறைந்தால் கறுப்பு எலியின் ரோமம் துருப்பிடித்த மாதிரி செம்பட்டையாகும். கருப்பட்டிக்கு ஒரு சமயம் முதுகில் அப்படி ஆனது. வயசாகி நிறம் மங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாரம் ஒரு தடவை சுண்டுவிரல் நகம் அளவு வேகவைத்த ஈரல் கொடுக்க ஆரம்பித்து, பெல்லட்டையும் சேர்த்தபிறகு புது ரோமம் கறுப்பாக வந்தது. ஈரல் அதற்கு மேல் வேண்டாம், வைட்டமின் ஏ உடம்பில் தங்கிவிடும்.

எவ்வளவு போட வேண்டும்?

வளர்ந்த எலி ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிராம் உலர்தீவனம். மேசைக்கரண்டியில் தலை தட்டி ஒன்றரைக் கரண்டி வரும். சமையலறைத் தராசில் ஒரு தடவை நிறுத்துப் பார்த்துவிட்டால் பிறகு கை பழகிவிடும். சாயங்காலம் போடுங்கள், ராத்திரிதான் அதற்குச் சாப்பாட்டு நேரம்.

கிண்ணம் காலியாக இருக்கிறதே என்று மனசு பொறுக்காமல் நிரப்புவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. எலி தின்றதுபோக மிச்சத்தைக் கூண்டு மூலையில் ஒளித்து வைக்கும். கிண்ணம் காலி என்பதற்கு எலி பட்டினி என்று அர்த்தமில்லை. மூலையைக் கிளறிப் பார்த்துவிட்டு அடுத்த வேளையை முடிவு செய்யுங்கள்.

எங்கள் பூந்தி குண்டாகிச் செத்தாள் என்றே சொல்வேன். நான் அளந்து போடுவேன். நான் ஆபீஸ் போனபிறகு எங்கள் வீட்டு ஆச்சி கூண்டுப் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, “பாவம், வாயில்லாச் சீவன், கையை நீட்டுது பாரு” என்று கடலையாக நீட்டிக்கொண்டிருப்பாள். ஒன்றரை வயசில் பூந்தி 480 கிராம். பெண் எலிக்கு அது ரொம்ப ஜாஸ்தி. பாதத்தில் புண் வந்தது, அப்புறம் மார்பில் கட்டி. பெண் எலிக்கு மார்புக்கட்டி சாதாரணமாகவே வரும், குண்டாக இருந்தால் இன்னும் சுலபமாக வரும். ஆச்சியிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த எலிகள் வந்தபோது ஆச்சிக்கென்று ஒரு சின்ன டப்பா வைத்தேன். அன்றைய அளவிலிருந்து ஒரு கரண்டியை அதில் போட்டுவிடுவேன். அவள் ஒவ்வொன்றாக நீட்டுவாள். ஆச்சிக்கும் சந்தோஷம், கணக்கும் தப்பாது.

1935-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே எலிகளுக்குச் சத்துக் குறையாமல் சாப்பாட்டின் அளவை மட்டும் குறைத்துப் பார்த்தார். வயிறு முட்டத் தின்ற எலிகளைவிட அவை அதிக நாள் வாழ்ந்தன. உங்கள் எலியைப் பட்டினி போடச் சொல்லவில்லை. அது கையை நீட்டும்போதெல்லாம் அதற்குப் பசி என்று நினைக்காதீர்கள்.

கூண்டில் கிண்ணத்தில்தான் வைக்கணுமா?

தேவையே இல்லை. உலர்தீவனத்தைக் கூண்டுத் தரையில் காகிதத் துண்டுகளுக்கு நடுவே தூவிவிடுங்கள். தேடித் தின்னட்டும், ராத்திரி முழுக்க வேலை இருக்கும். இரண்டு மூன்று எலி இருக்கும்போது ஒன்றே எல்லாவற்றையும் சுருட்டிக்கொள்வதும் நிற்கும். ஈரப் பண்டம் மட்டும் கிண்ணத்தில்.

சிறுபயறு, மொச்சை, தட்டப்பயறு?

வேகவைத்துக் கொடுங்கள், உப்பில்லாமல். பச்சையாகக் காய்ந்த பயறு கூடாது. செரிமானத்தைக் கெடுக்கிற பொருள்கள் அதில் உண்டு, நன்றாக வெந்தால்தான் போகும். ராஜ்மாவில் ரொம்ப அதிகம். பொரிகடலை வறுத்தது என்பதால் அதற்குத் தடையில்லை. உளுந்தஞ்சோறு செய்கிற அன்று பூண்டும் தேங்காயும் போடுவதற்கு முன்னால், வெந்த உளுந்தில் நாலு பருக்கை எடுத்து வைத்துவிடுவேன்.

நிலக்கடலை?

ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் தினமும் வேண்டாம். கொழுப்பு ஒரு பக்கம், பூஞ்சை இன்னொரு பக்கம். ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரம் கோத்த கடலையில் வருகிற பூஞ்சை, அஃப்ளடாக்சின் என்ற விஷத்தை விடும். அது ஈரலைத் தாக்கும். எலியின் ஈரல் அந்த விஷத்துக்கு ரொம்பவே இளகிக்கொடுக்கும், புற்றுநோய் வரை போகும். வாயில் போட்டால் கசக்கிற கடலை, சுருங்கின கடலை, பச்சை பூத்த கடலை எதையும் “எலிக்குத்தானே” என்று ஒதுக்கி வைக்காதீர்கள். குப்பைக்கு அனுப்புங்கள். வறுத்த, உப்பில்லாத, நல்ல கடலை மட்டும்.

காய், கீரை, பழம்?

இதில்தான் நமக்கு யோகம். நயினார்குளம் மார்க்கெட்டில் ஒரு சுற்று வந்தால் எலிக்கு ஆகாதது கொஞ்சம்தான் இருக்கும். தினம் ஒரு எலிக்கு ஒரு மேசைக்கரண்டி அளவு, நறுக்கி.

வெள்ளரிப்பிஞ்சு, சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், தடியங்காய், பூசணி, கேரட், பச்சைப் பட்டாணி, இளசான மக்காச்சோளக் கதிர் எல்லாம் சரி. வெண்டைக்காயைச் சுக்கு வட்டமாக நறுக்கினால்தான் தின்பான், முழுசாக வைத்தால் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான். முருங்கைக்கீரை அருமையானது, காம்போடு ஒரு கொத்தைக் கூண்டுக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். பாலக்கீரை எப்போதாவது போதும். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தை உடம்பில் சேரவிடாது.

வாழைப்பழம் நம்ம ஊரில் தாராளம். நன்றாகப் பழுத்தது மட்டும், விரல் மொத்தத்துக்கு ஒரு வில்லை. பச்சை வாழைக்காய் கூடாது, மாவுச்சத்தைச் செரிக்கிற வேலையைத் தடுக்கும். கொய்யா, பப்பாளி, தர்பூசணி சரி. ஆப்பிள் என்றால் விதையை எடுத்துவிட்டு.

கிழங்கு எதுவானாலும் வேகவைத்துத்தான். தைப்பொங்கல் சமயம் வீட்டில் சிறுகிழங்கும் பனங்கிழங்கும் அவியும், அதில் ஒரு துண்டு தாராளமாகக் கொடுக்கலாம். பனங்கிழங்கின் நாரை உரித்துவிடுங்கள். சீனிக்கிழங்கு, மரவள்ளி, சேனை மூன்றும் பச்சையாகக் கூடவே கூடாது. முளைவிட்ட, பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கும் அப்படியே.

ஆண் எலிக்கு மட்டும் ஒரு தனி விதி. ஆரஞ்சுத் தோலில் இருக்கிற லிமோனீன் என்ற எண்ணெய் ஆண் எலியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆண் எலியின் உடம்பில் மட்டும் சுரக்கிற ஒரு புரதத்தோடு அது சேர்வதால் வருகிற வினை. பெண் எலிக்கும் நமக்கும் அந்தச் சிக்கல் இல்லை. கருப்பட்டி, சுக்கு இரண்டும் ஆண் என்பதால் ஆரஞ்சு, சாத்துக்குடி, எலுமிச்சை எங்கள் கூண்டுக்குள்ளேயே போகாது. மாம்பழமும் தோலைச் சீவிவிட்டுச் சதை மட்டும்தான்.

வெங்காயம், பூண்டு வேண்டாம். சாக்லேட், காபி, டீ, சோடா கூடாது. எலிக்கு ஏப்பம் விடத் தெரியாது, கலர் குடித்தால் வாயு உள்ளேயே நிற்கும்.

அல்வா ஒரு துளி?

இதைக் கேட்காத ஆள் நெல்லையில் கிடையாது. நானே கொடுத்திருக்கிறேன், அதனால் தைரியமாகக் கூடாது என்கிறேன்.

தீபாவளிக்கு மறுநாள். இலையில் ஒட்டிக்கொண்டிருந்த அல்வாவை விரலில் வழித்துப் பூந்தியிடம் நீட்டினேன். நக்கினாள், விழுங்கினாள், அடுத்த நிமிஷம் கழுத்தை நீட்டி, தாடையை நெஞ்சோடு இழுத்து இழுத்து, வாயோரம் எச்சில் நுரையாக ஒழுக, முன்காலால் முகத்தை வழித்துக்கொண்டே பின்னால் பின்னால் நடந்தாள். தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டது. கக்கவும் முடியாது, இறங்கவும் இல்லை. தண்ணீர் கொடுக்கத் தோன்றும், கொடுக்கக்கூடாது. சாப்பாட்டையும் தண்ணீரையும் எடுத்துவிட்டு, இருட்டான அமைதியான இடத்தில் விட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று இறங்க. மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பூத்தாலோ உடனே மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான்.

ஆகவே அல்வா, பீநட் பட்டர், கடலைமிட்டாய், கெட்டிப் பாகு, பிசுபிசுப்பான எதுவும் வேண்டாம். கருப்பட்டியும் சீனிதான், நாட்டுச் சரக்கு என்பதால் எலிக்கு ஆகிவிடாது. பெயர் வைத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டையாவது?

ஆச்சிக்காக ஒரு ஏற்பாடு உண்டு. பூரணம் இல்லாத மேல்மாவில், பட்டாணி அளவு, உதிர்த்து. பிள்ளையார் வாகனமாச்சே என்று சொல்வார்கள். கோயிலில் சொல்கிற மூஞ்சூறு உண்மையில் எலி இனமே இல்லை, பூச்சி தின்கிற வேறொரு பிராணி. அதை ஆச்சியிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். “சவத்தைத் தூக்கிப் போடு, எனக்கு இதுதான் மூஞ்சூறு” என்று முடித்துவிட்டாள்.

பால், தயிர்?

வளர்ந்த எலிக்குப் பால் செரிக்காது, கழியும். தயிர் புளிக்காததாக அரை டீஸ்பூன் சரி.

முட்டை, மீன், கறி? நாங்க சைவம், என்ன செய்ய?

வேகவைத்த முட்டை வாரம் இரண்டு தடவை, ஒரு எலிக்கு கால் முட்டைக்கும் குறைவாக. உப்பில்லாமல் அவித்த நெத்திலி ஒன்று, முள்ளோடு. வேகவைத்த கோழி, கட்டைவிரல் நுனி அளவு. கருவாடு உப்பு, ஆகாது.

சைவ வீடென்றால் முட்டையையாவது அனுமதிக்கப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் வீட்டுக் கலவையை நம்பாமல் முழுக்கப் பெல்லட்டிலேயே ஓட்டுங்கள். பி12 இலையிலும் தானியத்திலும் இல்லை. கல்லிடைக்குறிச்சியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படித்தான் செய்கிறார்கள். மகள் வளர்க்கிறாள், அம்மா சமையலறைக்குள் முட்டை வரவிடமாட்டார், எலிகள் பெல்லட்டில் நன்றாகவே இருக்கின்றன. அப்பளம் கேட்டுக் கையை நீட்டுகின்றனவாம், கொடுப்பதில்லை.

சித்திரை வெயிலுக்கு என்ன மாற்றம்?

நிறைய. எலிக்கு நம்மைப் போல வேர்க்காது. வால் வழியாகச் சூட்டில் ஒரு பகுதியை வெளியே விடும். 32 டிகிரிக்கு மேல் போனாலே திணற ஆரம்பிக்கும். பாளையங்கோட்டையில் கத்திரியில் 38, 39 சாதாரணம். சாப்பாடு குறையும், பயப்படாதீர்கள், வெயில் தாழ்ந்ததும் தின்னும். கூண்டை மச்சிலிருந்து கீழே கொண்டுவந்துவிடுங்கள். நான் மார்ச் கடைசியிலேயே இறக்கிவிடுவேன்.

இந்தச் சமயத்தில் நுங்கு ஒரு வரம். தோலை உரித்து ஒரு கண்ணில் பாதி. கருப்பட்டி அதைப் பிடிக்கத் தெரியாமல் கைக்கும் வாய்க்கும் நடுவில் வழுக்கவிட்டு, தரையில் துரத்திக்கொண்டு போவதை உட்கார்ந்து பார்க்கலாம். வெள்ளரி, தர்பூசணியும் சரி. பதநீர் வேண்டாம், இனிப்பு, போதாததற்குப் புளித்துவிடும். ஈரப் பண்டம் எதுவானாலும் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். ஒளித்து வைத்த முட்டைத் துண்டு மே மாதத்தில் என்ன வாசம் வீசும் என்று ஒரு தடவை அனுபவித்தால் மறக்காது.

தண்ணீர்?

100 கிராம் எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 10 மில்லி குடிக்கும், வெயிலில் கூடும். பந்து வைத்த பாட்டில் நல்லது. தினமும் விரலால் தட்டிச் சொட்டுகிறதா என்று பாருங்கள். பந்து அடைத்துக்கொண்டு, பாட்டில் நிறையத் தண்ணீரிருந்தும் எலி தாகத்தில் கிடந்த கதை நிறைய. குற்றால சாரல் மாசங்களில் தீவன டப்பாவைத்தான் கவனிக்க வேண்டும், இறுக மூடாவிட்டால் ஈரம் இழுத்துவிடும்.

தன் புழுக்கையையே தின்கிறதே, சத்துக் குறைவா?

இல்லை. எல்லா எலியும் செய்யும். குடலில் கிருமிகள் தயாரிக்கிற பி வகை வைட்டமினும் கே வைட்டமினும் அதில் இருக்கின்றன. முகம் சுளிப்பது நம்ம பிரச்சினை.

குட்டி, சினை எலி, வயசான எலி?

சினை 21 முதல் 23 நாள். அப்போதும் பால் கொடுக்கும்போதும் புரதம் 18, 20 சதவீதம் வரை வேண்டும். முட்டை, கோழி, கூனியைக் கூட்டி, அளவைப் பார்க்காமல் வையுங்கள். எலி வாழ்க்கையில் கணக்குப் பார்க்கக்கூடாத காலம் இது ஒன்றுதான். குட்டிகள் மூன்று வாரத்தில் பால் மறக்கும், பெல்லட்டை வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்து வையுங்கள். ஐந்து வாரத்தில் ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இந்தப் பத்தியை மறுபடி படிக்க வேண்டிவரும்.

ஒன்றரை வயசுக்கு மேல் புரதத்தைக் குறையுங்கள், முதலில் தளர்வது சிறுநீரகம். பின்னங்கால் தளர்ந்த எலியால் உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துத் தின்ன முடியாது. கடைசி மாசங்களில் பூந்திக்கு ஓட்ஸ் கஞ்சியை வாடாத வாழையிலைத் துண்டில் பரப்பி வைப்பேன், படுத்தபடியே நக்கிக்கொள்வாள்.

பல் வளர்ந்துகொண்டே போகுமாமே?

முன்பற்கள் ஆயுசு முழுக்க வளரும். கடிக்கக் கெட்டியாக ஏதாவது வேண்டும். ஒரு சிரட்டைத் துண்டு போட்டுவிடுங்கள், வாரக்கணக்கில் ஓடும். கொய்யாக் குச்சியும் சரி. அரளி, எருக்கு இரண்டும் விஷம், குச்சி ஒடிக்கும்போது கவனம். எலி திடீரென்று கெட்டியானதை விட்டு மெத்தென்றதை மட்டும் தின்கிறதா? வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள், கோணி வளர்ந்திருக்கும்.

வீட்டில் எலித்தொல்லை. மருந்து வைக்கலாமா?

வளர்ப்பு எலி இருக்கிற வீட்டில் மருந்து வைக்காதீர்கள். வீட்டெலி அதை இழுத்துக்கொண்டு வந்து கூண்டுப் பக்கம் போட்டுவிட்டுப் போகும். பொறி வையுங்கள். தீவனத்தைத் தகர டின்னில் மூடுங்கள், சாக்கும் பிளாஸ்டிக் பையும் அதற்கு ஒரு ராத்திரி வேலை. திறந்து கிடந்து வீட்டெலி வாய் வைத்த தீவனத்தைக் கொட்டிவிடுங்கள்.

சாப்பிடவில்லை என்றால் எத்தனை நாள் பொறுக்கலாம்?

நாள் கணக்கெல்லாம் இல்லை. பிடித்த பண்டத்தையே ஒரு நாள் தொடவில்லையென்றால் மருத்துவரிடம். கண், மூக்கோரம் சிவப்பாகக் கசிந்தால் அது ரத்தமில்லை, போர்ஃபிரின் என்ற நிறமி. அசௌகரியமோ நோயோ இருக்கிறது என்று காட்டும். அதோடு சாப்பாடும் குறைந்தால் தாமதிக்காதீர்கள். ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆடு, மாடு, நாய் வரிசையில் எலிக் கூண்டோடு உட்காரக் கூச்சமாக இருக்கும், இரண்டாம் தடவை பழகிவிடும். போகும்போது மூன்று நாளாக என்னென்ன போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டு நாள் வெளியூர் போகணும். தீவனத்தை மொத்தமாகப் போட்டுவிட்டுப் போகலாமா?

ஒரு ராத்திரிக்கு ஓடும், உலர்தீவனமும் இரண்டு தண்ணீர் பாட்டிலும் வைத்தால். அதற்கு மேல் ஆள் வேண்டும். நான் பக்கத்து வீட்டு மதினியிடம் சாவி கொடுத்துவிட்டுப் போவேன். ஒவ்வொரு நாளைக்கும் ஒரு பொட்டலம், மேலே கிழமை எழுதி. ஒரு தடவை திரும்பி வந்தபோது செவ்வாய்க்கிழமைப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. கேட்டால், “அன்னைக்கு எங்க வீட்ல கூட்டாஞ்சோறு தம்பி, அதுல ரெண்டு வாய் வச்சேன், என்னமா தின்னுச்சு தெரியுமா” என்றார். இப்போது பொட்டலத்தோடு ஒரு சீட்டும் எழுதி ஒட்டுகிறேன்: இதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் மதினி, கையை நீட்டினாலும்.